நாலரை வருடம், ஒரு பாக்கெட் கேமரா, சென்னைச் சுவர்கள்

கேமராவின் பின்பக்கம், கட்டைவிரல் பதியும் இடத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் தெரிய ஆரம்பித்துவிட்டது. 2021 பிப்ரவரியில் வாங்கியது. இதுவரை எடுத்த படங்கள் 31 ஆயிரத்துச் சொச்சம். இதே வகைக் கேமரா வாங்கலாமா என்று நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, பழகியதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கம்பெனியும் மாடலும் இங்கே தேவையில்லை. வகையைச் சொல்கிறேன். சட்டைப் பையில் அடங்கும். உள்ளே பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு). முன்னால் கழற்ற முடியாத ஒரே லென்ஸ். பழைய பிலிம் கேமரா கணக்கில் 28 மி.மீ., அதாவது அகலமாகப் பார்க்கிற லென்ஸ். ஜூம் கிடையாது, பிளாஷ் கிடையாது, கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரமும் கிடையாது. பின்னால் இருக்கும் திரை மட்டும்தான்.

நான் எடுப்பது கல்யாணமோ பறவைகளோ இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் அடிபம்பு, இஸ்திரி வண்டிக்குக் கீழே நிழலில் சுருண்ட நாய், தண்ணி லாரிக்காக வரிசையில் வைத்த குடங்கள், கோலத்தைச் சுற்றிக்கொண்டு போன சைக்கிள் தடம். வேலைக்குப் போகும் வழியிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் கண்ணில் படுகிறவை. இதற்கு இந்தக் கேமரா பொருந்துமா என்றால், இவ்வளவு பொருந்துகிற வேறொன்றை நான் கையில் பிடித்ததில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். பெரும்பாலும் நான் ஆட்டோஃபோகஸைத் தொடுவதே இல்லை. தூரத்தை 2 மீட்டரில் நிறுத்தி, எஃப் 8 வைத்துவிடுகிறேன் (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது). லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 18 மி.மீ. அளவுதான் என்பதால், ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே இறங்காமல், ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) கேமராவே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டால் வேலை முடிந்தது. பையிலிருந்து எடுத்து அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

பூக்கடைப் பக்கம் ஒருநாள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மீன்பாடி வண்டியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டு போனார்கள். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று அணைத்துப் பிடித்திருந்தார். வண்டி முன்னால் போக, கண்ணாடிக்குள் தெரு முழுக்கப் பின்னால் போனது: ஆட்டோ, சாமந்தி மூட்டை, மஞ்சள் பை பிடித்த ஒரு அம்மா. என்னைக் கடக்க மூன்று விநாடி ஆகியிருந்தால் அதிகம். இரண்டு படம் கிடைத்தது. ஃபோகஸ் தேடுகிற கேமராவாக இருந்தால் எனக்கு வண்டியின் பின்சக்கரம் கிடைத்திருக்கும்.

“போன் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. ராத்திரி வெளிச்சத்துக்குப் போன்தான் மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுவர்களை எடுக்கிறவர்களுக்குப் போன் கொஞ்சம் துரோகம் செய்யும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுண்ணாம்பின் சொரசொரப்பையும் மெல்லிய விரிசலையும் மென்பொருள் வழித்துச் சுத்தம் பண்ணியிருக்கும். எனக்கு வேண்டியது அந்தச் சொரசொரப்புதான். ஏன் என்று கீழே வருகிறது.

அதற்கு முன்னால் எம்டன். உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரை ஒட்டிப் பதினோரு வருடமாகப் போய்வந்திருக்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியதை நினைவுபடுத்தும் கல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. பாட்டி யாரையாவது ‘அவன் சரியான எம்டன்’ என்று சொல்லும்போதெல்லாம் கேட்டுச் சிரித்தவன் நான். அந்தச் சொல் கரையேறிய ஊரிலேயே, அதற்கான கல்லைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். கேமரா வாங்கிய மூன்றாவது மாதம், சுவரோரம் நின்ற ஒரு வண்டியின் நிழலை எடுக்கப் போய், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்க்கும்போது பின்னால் அந்தக் கல் தெரிந்தது. அன்றிலிருந்துதான் படத்தின் ஓரங்களையும் பின்புறத்தையும் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வந்தது. 28 மி.மீ. லென்ஸ் நீங்கள் கேட்காததையும் சேர்த்துக் கொண்டுவரும்.

அந்தப் பழக்கம்தான் என்னைப் பழைய எழுத்துகளிடம் கொண்டுபோய் விட்டது.

1978-க்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும். ணை, லை, ளை, னை நான்கும் அப்போது இப்படி இல்லை. முன்னால் ‘ை’ தனியாக நிற்காமல், எழுத்தின் மேலேயே யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு ஏறியிருக்கும். ணா, றா, னாவுக்குப் பக்கத்தில் கால் போட மாட்டார்கள். எழுத்தின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழிக்கும். அந்தச் சுழியோடு கொம்பும் சேர்ந்தால் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ. ஆக மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் புது வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அரசு ஆணையாக வந்தது 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில்.

அதனால் ஒரு சுவரில் தும்பிக்கை ‘லை’ இருந்தால் அது எழுபதுகளிலோ அதற்கு முன்போ எழுதியது என்று ஓரளவு கணக்குப் போடலாம். ஓரளவுதான். ஆணை வந்த பிறகும் கைப்பழக்கத்தில் பழையபடியே எழுதிய பெயின்டர்கள் உண்டு. ஆணை வருமுன்பே கொள்கைக்காகப் புதிய எழுத்தில் பலகை வைத்தவர்களும் உண்டு. சுவர் பொய் சொல்லாது, ஆனால் அவசரப்பட்டால் நாம் தப்பாகப் படித்துவிடுவோம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மண்ணடி, ராயபுரம் பக்கம் வாசல் நிலைக்கு மேலே பாருங்கள். ‘துணை’ என்ற சொல் கண்ணில் படும். முருகன் துணை, வேலும் மயிலும் துணை. அந்த ‘ணை’யில் தும்பிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிள்ளை’ என்று முடியும் பெயர்க் கற்கள், ‘சென்னை’ என்று முடியும் முகவரிப் பலகைகள், கொடிக்கம்பப் பீடத்தில் ‘அண்ணா’. தேட ஆரம்பித்தால் தெருவுக்கு ஒன்றாவது கிடைக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தம்பு செட்டித் தெருவிலிருந்து குறுக்கே போகும் ஒரு சந்து. குறைந்தது இருபது தடவை அதில் நடந்திருப்பேன். தெற்குப் பார்த்த ஒரு மாடிக் கட்டிடம், கீழே பாதி இறக்கிய ஷட்டர், மேலே வெறும் வெள்ளைச் சுவர். 2023 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிறு, காலை எட்டு மணிக்கு அங்கே போனபோது அந்த வெள்ளைச் சுவரில் எழுத்து நின்றது. சிமென்டில் புடைப்பாகச் செய்து, பல தடவை சுண்ணாம்பு அடித்து மூடிப்போன எழுத்து. எதிரே இருப்பது தாழ்வான கட்டிடம் என்பதால் மாடிச் சுவரில் வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு விழுந்தது. ஒவ்வொரு புடைப்புக்கும் அரை விரல் நிழல். ‘அச்சு நிலையம்’ என்று படிக்க முடிந்தது. முன்னால் இருந்த பெயர் உதிர்ந்துபோயிருந்தது. ‘லை’க்குத் தும்பிக்கை அப்படியே இருந்தது.

ஷட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், கார்ப்பரேஷனா? இடிக்கப் போறாங்களா?”

“இல்ல பெரியவரே, மேல இருக்கற எழுத்தைப் படம் புடிக்கிறேன்.”

“எழுத்தா? எங்க கீது?”

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் ஆள்காட்டி விரலால் தன் தொடையில் அந்த ‘லை’யை ஒருமுறை எழுதிப் பார்த்தார், தும்பிக்கையோடு. “நான் ஸ்கூல்ல இப்படித்தான் எய்துவேன். இருபது வருசமா இந்த வாசல்லதான் குந்தினுகீறேன். கண்ல பட்லயே சார்.”

அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். உள்ளே காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இதிலிருந்து வெளிச்சத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது நிறைய. கிழக்கு மேற்காகப் போகும் சந்துகளில், மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் தெற்குப் பார்த்த சுவர்களில் காலை வெயில் உரசும். ஆனி, ஆடியில் போனால் அதே சுவர் நிழலில் கிடக்கும். வடக்குப் பார்த்த சுவர்களுக்கு அப்போதுதான் முறை. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவெயிலே தலைக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. அதனால் ஒரு தெருவைப் ‘பார்த்தாகிவிட்டது’ என்று இப்போது எழுதி வைப்பதில்லை. எந்த மாதம் பார்த்தேன் என்று எழுதுகிறேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். பெரிய குறை தூசி. லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு முறையும் காற்றை இழுக்கிறது. பதினாலாவது மாதம் வானத்தில் ஒரு சாம்பல் புள்ளி வந்தது. துளையைச் சிறிதாக்க ஆக்க அது கறுத்துத் தெரியும். ஒளி ஒடுங்கி வரும்போது சென்சார் மேல் இருக்கும் தூசியின் நிழல் கூர்மையாக விழுவதால் அப்படி. எஃப் 2.8-இல் எடுத்துப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக் காகிதத்தை எஃப் 16-இல் எடுத்துப் பாருங்கள், உண்மை தெரியும். சர்வீஸ் சென்டரில் லென்ஸ் பகுதியையே மாற்ற வேண்டும் என்று கேமரா விலையில் கால்வாசி கேட்டார்கள். வேறொரு சின்னக் கடையில் 2,500 ரூபாய்க்குப் பிரித்துச் சுத்தம் செய்து இரண்டு நாளில் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தது, மறுபடி அதே கடை. இப்போது ஜிப் வைத்த துணிப்பை ஒன்றில் போட்டுத்தான் சட்டைப் பையில் வைக்கிறேன். பேன்ட் பாக்கெட்டில் நேரடியாகப் போடவே கூடாது, பஞ்சு முழுக்க உள்ளே போய்விடும்.

அடுத்தது ஈரம். ஏசி பெட்டியிலிருந்து இறங்கிய உடனே கேமராவை எடுத்தால் லென்ஸ் பால் பூத்த மாதிரி ஆகிவிடும். சென்னைக் கோடையில் காற்றின் ஈரம் 25 டிகிரிப் பக்கமே நீர்த்திவலையாகிவிடுகிறது. ஏசியில் 22, 23 டிகிரிக்கு இறங்கிய கண்ணாடியில் அது படியாமல் என்ன செய்யும்? துணியால் துடைத்தால் திரும்பவும் பூக்கும். பையை மூடியபடியே பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திறப்பதுதான் வழி. காசிமேடு, மெரினா போய்வந்தால் அன்றைக்கே லேசாக ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக் காயவைக்கிறேன். உப்பு ஒரு ராத்திரி இருந்தாலும் பட்டன்களில் கரகரப்பு வருகிறது. மழைக்குத் தாங்கும் கேமரா இது இல்லை, ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கும்.

பேட்டரி ஒன்றுக்கு 200 படம். மூன்று பேட்டரி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கேமராவைச் சாராத ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் செய்யக்கூடாது என்பதற்காக. முதல் வருடம் எழுத்தை மட்டும் நெருங்கி நெருங்கி எடுத்தேன். கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. இப்போது நாற்பது படங்கள் எந்தத் தெரு, எந்த வீடு என்றே தெரியாமல் கிடக்கின்றன. அதில் ஒரு ‘மீனாட்சி’ அவ்வளவு அழகு, நீலச் சுவரில் மஞ்சள் எழுத்து. எங்கே என்று இரண்டு வருடமாகத் தேடுகிறேன். இப்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதாக ஒரு படம், பத்தடி பின்னால் போய், கதவிலக்கமும் பக்கத்துக் கடையும் தெரிகிற மாதிரி. கோப்புறைக்குத் தெருவின் பெயர். கேமராவின் தேதியை மாதம் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

மனிதர்களை எடுக்கும்போது கேட்டுத்தான் எடுக்கிறேன். 28 மி.மீ. லென்ஸுக்கு ஒருவர் முகம் வேண்டுமென்றால் கைகொடுக்கும் தூரத்துக்குப் போயாக வேண்டும். அவ்வளவு கிட்டே போய் ஒன்றும் பேசாமல் அழுத்துவது சரியில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றவர்களுக்கு 10 ரூபாய் பிரிண்ட் ஒன்று அடுத்த தடவை. இஸ்திரி போடும் அக்கா ஒருவர் கரிப்பெட்டியை மூடி, தலையைச் சரிசெய்துகொண்டு, ‘இப்ப எடுப்பா’ என்றது அப்படி வந்த படங்களில் ஒன்று.

யாருக்கு இந்தக் கேமரா வேண்டாம் என்றால், குழந்தைகளின் விளையாட்டு, மேடை நிகழ்ச்சி, கோயில் கோபுரச் சிற்பம் இதெல்லாம் எடுக்க நினைப்பவர்களுக்கு. தினமும் ஒரே ஊரில் நடக்கிறவர்களுக்கு, கூச்சமில்லாமல் வாங்கச் சொல்வேன். பழையதாக வாங்கினால் அந்த எஃப் 16 சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

பதின்மூன்று எழுத்துகளில் எட்டு கிடைத்துவிட்டன. ணை, லை, ளை, னை, ணா, றா, னா. எட்டாவது, திருவல்லிக்கேணியில் ‘மனோன்மணி இல்லம்’ என்ற வீட்டுப் பெயரில் வந்த ‘னோ’. ‘றா’வைச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பழைய இறால் கடைப் பலகையில் பார்த்தேன். பாக்கி ணொ, றொ, னொ, ணோ, றோ. ‘றோ’வுக்கு ஒரு யோசனை இருக்கிறது: பழைய பள்ளிக்கூடங்களில் ‘பெற்றோர் ஆசிரியர் கழகம்’ என்று அறை வாசலில் எழுதியிருப்பார்கள் இல்லையா? ராயபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன், வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ‘ணொ’வுக்கு இதுவரை எனக்குத் தோன்றியது ‘கண்ணொளி’ மட்டும்தான். அந்தப் பெயரில் பழைய கண்ணாடிக்கடை எங்காவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், தெருப் பெயர் மட்டும் போதும்.