குளமா, சூரியப் பம்பியா, விதைக்கொட்டிலா: வாகரை வேடர் குடும்பங்களுக்கு எது தாக்குப்பிடிக்கும்?

காலநிலைக்கு ஈடுகொடுக்கும் விவசாயம் என்று ஒரு திட்டம் மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே உள்ள வாகரைப் பக்கம் வந்தால், மேசையில் பெரும்பாலும் மூன்று யோசனைகள்தான் இருக்கும். ஊருக்குப் பின்னால் கிடக்கும் சிறுகுளத்தைத் திருத்துவது ஒன்று. குடும்பத்துக்கு ஒரு சூரியசக்தி நீர்ப்பம்பியும் கால் ஏக்கருக்குச் சொட்டுநீர்க் குழாயும் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, மழையை நம்பிய மேட்டுப்பயிரையே திருத்தி, அதற்கு ஊருக்குள் ஒரு விதைக்கொட்டில், அதாவது விதையைச் சேமித்துக் கடனாகக் கொடுக்கும் கொட்டில், போடுவது. கதிரவெளி, பால்சேனை, பனிச்சங்கேணி, குஞ்சன்குளம் பக்கத்து வேடர் (இலங்கைப் பழங்குடியினர்) குடும்பங்களுக்கு எங்கள் தெரிவு மூன்றாவது. திறப்பு விழாவில் படம் எடுக்க அதில் ஒன்றுமே இல்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டே எழுதுகிறோம்.

முதலில் ஆக்களைக் கணக்கில் எடுப்பது. இந்தக் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன, கோயில் சடங்குகளும் தமிழில்தான். ஆகவே படிவத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்ற கட்டத்துக்குள் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. உலக வங்கியின் சுற்றாடல், சமூகச் சட்டகம் 2018 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பழங்குடியினர் பற்றிய அதன் ஏழாம் நியமம், தம்மை அவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதையும் ஒரு அளவுகோலாக வைக்கிறது. அடிப்படைக் கணக்கெடுப்பில் ‘உங்களை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று ஒரு கேள்வி தனியாக இல்லாவிட்டால், எந்த யோசனையைத் தெரிந்தாலும் பயன் பக்கத்து ஊருக்குத்தான் போகும்.

மழைக்கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வருஷ மழையில் பெரும்பகுதி கொட்டிவிடும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று நிலத்தை உலர்த்தும். (நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். ‘கச்சான் அடிக்குது’ என்பதை விளைச்சல் என்று வெளியூர் அதிகாரி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

குளத்தை எடுப்போம். பராமரிப்பை மட்டும் பார்த்தால் இதில் பெரிய குறை சொல்ல முடியாது. 80 ஹெக்டயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி கமக்காரர் அமைப்பு உண்டு, வட்டைக்கு (வயல்வெளிக்கு) நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை உண்டு. அணைக்கட்டில் மரம் முளைக்க விடக்கூடாது: வேர் உக்கினால் அந்தத் துவாரத்தால் நீர் ஊறி, அணை உள்ளிருந்தே அரிக்கும். துருசுக் (மதகுக்) கதவு துருப்பிடிக்கும், வானின் (மிகைநீர் வழியும் இடத்தின்) இரு பக்கமும் கரையும். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கில் பல சிறுகுளங்களின் அணை உடைந்தது. ஆனாலும் இவை எல்லாம் ஊர் அறிந்த வேலைகள், மண்வெட்டியாலும் சீமெந்தாலும் முடியும்.

சிக்கல் குளத்தின் கீழே இருக்கிறது. நீர்ப்பங்கு வயல் ஏக்கரை வைத்துத்தான் பிரிக்கப்படும். குளத்தடி வயல் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால், வேடர் குடும்பங்களின் பெயர் அரிதாகத்தான் வரும். வயல் இல்லாதவருக்கு அமைப்பில் குரல் இல்லை. கடைசியில் மண் அள்ளும் நாட்கூலியாக அவர்கள் பட்டியலில் ஏறுவார்கள், அறிக்கையில் அது ‘பங்கேற்பு’ ஆகிவிடும். அணை உயர்ந்தால் லாபம் போடியாருக்கு (பெரிய வயல்காரருக்கு). குளம்தான் என்று முடிவாகிவிட்ட இடத்தில், ஒப்பந்தம் எழுதுமுன் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்கலாம்: குளத்து மீன்பிடியில் எழுத்து மூலமான பங்கு, அணைக்கு மேற்பக்க மேட்டுநிலத்தில் பயிர் செய்ய அனுமதி.

வயலையும் சேர்த்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் அம்பாறை மாவட்டத்தின் ஹெனானிகலையைப் பார்க்கலாம். 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது காட்டிலிருந்து வெளியேறிய வேடர் குடும்பங்கள் மகாவலி நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தின் ‘சி’ வலயத்தில் குடியேற்றப்பட்டன. மகாவலி அளவு எல்லோருக்கும் ஒன்றுதான்: 2½ ஏக்கர் வயல், ½ ஏக்கர் வீட்டுத்தோட்டம். பிள்ளைகள் தலையெடுத்தபோது அந்த 2½ ஏக்கரைப் பிரிக்க வழியில்லை. பழைய காடும் இப்போது பூங்கா எல்லைக்குள்.

சூரியப் பம்பியும் சொட்டுநீரும் காகிதத்தில் மிக அழகானவை. எரிபொருள் செலவு இல்லை, நீர் மிச்சம், குடும்பத்துக்குக் குடும்பம் தனி. கால் ஏக்கருக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால் 5,000 லீற்றர். பயிரடியை மட்டும் நனைக்கும் சொட்டுநீரில் 3,000 அளவில் முடிக்கலாம். கணக்கு சரி. பிழைப்பது எங்கே?

முதலாவது, தாங்கியின் உயரம். 1,000 லீற்றர் தாங்கியை ஐந்தடித் தட்டில் வைத்தால் கிடைக்கும் அழுத்தம் 0.15 பார். கடையில் கிடைக்கும் பெரும்பாலான சொட்டுக் குழாய்கள் 1 பார் அளவை, அதாவது 10 மீற்றர் உயரத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. விளைவு: தாங்கியடியில் நிற்கும் கன்று அழுகும், வரிசைக் கடைசியில் நிற்பது வாடும். குறைந்த அழுத்தக் குழாய் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, இரும்பு. கிணற்று நீரை வெள்ளை வாளியில் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். விடியும்போது அடியில் செம்மஞ்சள் படிவு இருந்தால், அந்த நீர் ஒரு போகத்துக்குள் துளைகளை அடைத்துவிடும். நீரைக் காற்றுப்பட மேலிருந்து விழவிட்டு, இரவு தங்கவைத்து, தெளிவை மட்டும் 120 மெஷ் வடிகட்டியால் விட வேண்டும். வடிகட்டியை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், குழாய் முனைகளைக் கிழமைக்கு ஒருமுறை திறந்து பாயவிட வேண்டும். இதை ஒருவர் இரண்டு கிழமை மறந்தால் போதும். மறப்பதற்குக் காரணமும் இருக்கிறது: பாலைப்பழமும் தேனும் வரும் மாதங்களும் இதே கோடைதான். ஆண்கள் காட்டில் நாட்கணக்கில் தங்குவார்கள், மற்றவர்கள் களப்பில் இறால், மீன் என்று போவார்கள். பயிருக்கு நீர் மிகவும் தேவைப்படும் நேரமும், வீட்டுக்குக் காசு வேறு இடத்திலிருந்து வரும் நேரமும் ஒன்றாக விழுகின்றன. சோம்பல் என்று யாராவது எழுதினால் அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, உப்பு. கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேல்மட்டம் 1 அங்குலம் இறங்கி அப்படியே நின்றால், கீழிருந்து உப்பு 40 அங்குலம் ஏறப் பார்க்கும். எண்ணெய்ப் பம்பி என்றால் எண்ணெய் முடிய நிற்கும். சூரியப் பம்பிக்குச் செலவில்லை, வெயில் உள்ளவரை இறைத்துக்கொண்டே இருக்கும். அதன் பெருமையே அதன் ஆபத்து. ஒரே வளவில் நாலைந்து பம்பி இருந்தால் பக்கத்துக் குடிநீர்க் கிணறும் சேர்ந்து கரிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கொன்ரோலர், அதாவது சூரியப் பம்பியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பிடிக்கும், பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் போகும். அது செத்தால் வாகரையில் மாற்ற ஆளில்லை. வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ கழற்றிக்கொண்டு போக வேண்டும், பெரும்பாலும் அங்கிருந்து கொழும்புக்கு. இரண்டங்குல மண்ணெண்ணெய்ப் பம்பி பழுதானால் கதை வேறு: பிளக், கஸ்கட், வாட்டர் சீல் மூன்றும் சாதாரண ஹாட்வெயார் கடையில் கிடைக்கும், ஊருக்கு ஒருவராவது கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார்.

நாங்கள் தெரிவைச் செய்த இடம் இதுதான். வருமானம், நீர்ச்சேமிப்பு, காபன் எல்லாம் பிறகு. திட்டத்து வாகனம் திரும்பிப் போன மூன்றாம் வருஷத்தில் எது முதலில் பழுதாகும், அதை ஊருக்குள் யார், எந்த ஆயுதத்தால், எத்தனை நாளில் சரிசெய்வார்? இந்தக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வந்தால் அந்தப் பொருளைக் கொடுக்கலாம். தொலைபேசி இலக்கம் பதிலாக வந்தால் வேண்டாம்.

மேட்டுப்பயிரில் பழுதாகக்கூடிய பெரிய பொருள் விதை ஒன்றுதான். கிழக்கில் மாரி பொய்ப்பது முழுசாக அல்ல, இடையில்தான். ஒக்டோபரில் இரண்டு மழை பெய்யும், விதைப்பார்கள், பிறகு 15 நாள் வெயில் அடித்து முளை கருகும். நவம்பரில் நல்ல மழை வரும்போது கையில் விதை இருக்காது. கடன் வாங்கிக் கடை விதை எடுத்தால் அந்தப் போகமே கடனுக்குத்தான். ஆகவே கொட்டிலின் கணக்கு ஒரு விதைப்புக்கு அல்ல, ஒன்றரை விதைப்புக்கு.

20 குடும்பத்துக்கு வைப்போம். குடும்பத்துக்குக் கால் ஏக்கர் கச்சான், கால் ஏக்கர் சோளம், கால் ஏக்கர் கௌபி (தட்டைப்பயறு). கச்சான் பருப்பாக 10 கிலோ வேண்டும், கோதுடன் 15 கிலோ. சோளம் 2 கிலோ, கௌபி 2½ கிலோ. இருபது குடும்பத்துக்கு முறையே 300, 40, 50 கிலோ. பாதியை மேலதிகமாகச் சேர்த்தால் 450, 60, 75. சோளத்தில் கலப்பின விதை வேண்டாம் என்பதும் இதற்காகத்தான், அதை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் பயிர் ஒருசீராக வராது. விளைச்சல் குறைவுதான், ஒப்புக்கொள்கிறோம். 2018 மாரியில் அம்பாறைப் பக்கம் தொடங்கிய படைப்புழு எந்தச் சோளத்தையும் விட்டுவைக்காது. எல்லோரும் ஒரே கிழமையில் விதைத்து, குருத்தைக் கிழமைக்கு இருமுறை விரித்துப் பார்த்து, முட்டைக் கூட்டத்தை நசுக்குவதுதான் கைவசம் உள்ள வழி.

சேமிப்பில்தான் கவனம். ஈரம் பார்க்க மீற்றர் தேவையில்லை. காய்ந்த போத்தலில் கால் பங்கு தானியம், ஒரு பிடி உலர்ந்த உப்பு போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும். ஒட்டாவிட்டாலும் கௌபிக்கு இன்னொரு நாள் காயவிடுவது நல்லது. பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘டக்’ என்று உடைய வேண்டும். கௌபியை வண்டு மூன்று மாதத்தில் மாவாக்கிவிடும். சலித்த அடுப்புச் சாம்பலை விதைக்குச் சம அளவாகக் கலந்து, பரலில் (பீப்பாயில்) வாய்வரை நிரப்பி, மூடியை மெழுகால் அடைத்தால் தாங்கும். பரலைப் பாதி நிரப்பி வைப்பதுதான் வழக்கமான பிழை: உள்ளே காற்று இருக்கும், வண்டும் இருக்கும். கச்சானைக் கோதுடன் சாக்கில் போட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத் தட்டில், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும்.

கச்சானுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஜனவரியில் பிடுங்கியதை ஒக்டோபர் வரை வைத்தால் முளைதிறன் இறங்கிவிடும், மழைக்குள் பிடுங்கினால் பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே விதைக்கச்சானை மட்டும் ஏப்ரலில் போட்டு ஓகஸ்டில் எடுக்கிறோம். அதற்கு அரை ஏக்கர் போதும். நீர், அகலமாகவும் ஆழமில்லாமலும் தோண்டிய துரவிலிருந்து, மேலே சொன்ன மண்ணெண்ணெய்ப் பம்பியால். பூவிலிருந்து வரும் விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு மண்வெட்டி போடக்கூடாது. புல்லைப் பிடுங்கி மண் அணைப்பதை அதற்கு முன் முடிக்க வேண்டும். செப்டெம்பரில் 100 விதையை ஈரச்சாக்கில் சுற்றி, ஏழாம் நாள் எண்ணுவோம். 85 க்கு மேல் முளைத்தால் நன்று. 70 க்கும் 85 க்கும் இடையில் என்றால் கொஞ்சம் கூட்டி விதைக்கலாம். அதற்குக் கீழே என்றால் வறுத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

கடன் முறை: ஒரு கிலோ எடுத்தால் ஒன்றரைக் கிலோ திருப்புவது. பயிர் முழுசாக அழிந்த போகத்தில் எடுத்ததை மட்டும் அடுத்த போகத்தில் கொடுத்தால் போதும். கொட்டிலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு திறப்பும் வெவ்வேறு வீட்டுப் பெண்களிடம். விதையைப் பிரித்து எடுத்துவைப்பது எப்படியும் அவர்கள் வேலைதான்.

யானையும் காணியும் இந்தத் தெரிவின் பலவீனங்கள். பருவகால மின்வேலி விதைப்போடு போட்டு அறுவடையோடு கழற்றுவதாக இருந்தால் சமாளிக்கலாம், ஆனால் கம்பியைத் தொடும் புல்லைக் கிழமைதோறும் வெட்டாவிட்டால் மின் நிலத்துக்குள் இறங்கிவிடும். அதுவும் பராமரிப்புத்தான், எங்கள் வாதத்தில் உள்ள ஓட்டை இது. காணி எந்த யோசனையிலும் தீரவில்லை; வன இலாகா எல்லைக்கல்லுக்கு உள்ளே பயிர் என்றால், கழற்றிக்கொண்டு போகக்கூடிய கொட்டிலும் வேலியும் நிரந்தரக் கட்டடத்தை விடப் பாதுகாப்பு, அவ்வளவுதான். மகா ஓயாப் பக்கத்துப் பொல்லெபெத்தையில் சிங்களம் பேசும் வேடர் குடும்பங்களோடு எங்களுக்குப் பழக்கம் குறைவு. மண்ணும் மணல் அல்ல, அங்கே இதே கணக்கைப் பிரயோகிக்கச் சொல்ல மாட்டோம்.

சம்மதம் கேட்பதைத் தேன் பருவத்தில் வைக்க வேண்டாம். மூன்று அமர்வு வேண்டும்: முதலாவதில் சொல்வது மட்டும், இரண்டு கிழமை விட்டுக் கேள்விகள், அதன் பிறகுதான் பதில். ‘பாதிக் காசு நீங்கள் போடுங்கள்’ என்ற நிபந்தனை இருந்தால் அதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். உழைப்பை அந்தப் பாதியாக ஏற்காத திட்டம் இந்தக் குடும்பங்களை வாசலிலேயே கழித்துவிடும்.

காசு தருபவர் சூரியப் பம்பிதான் என்று பிடிவாதமாக நின்றால், ஐந்து குடும்பத்துக்கு ஒன்று, 5,000 லீற்றர் தாங்கி, நிரம்பினால் தானாக நிற்கும் மிதவைச் சுவிட்ச், சொட்டுக் குழாய்க்குப் பதில் சாதாரண ஹோஸ். கூடவே ஒரு உப்பு மீற்றர். வெள்ளிக்கிழமைதோறும் அளந்து கிணற்றுக் கட்டில் சோக்கால் எழுத வேண்டும். மீற்றருக்கு டெசிசீமன் (நீரின் உப்பை அளக்கும் அலகு) கணக்கில் 1 ஐத் தாண்டினால் மிளகாய் விளைச்சல் இறங்கத் தொடங்கும், 2 வரை கச்சான் தாங்கும், அதற்கு மேல் கௌபி மட்டும். 3 காட்டினால் பம்பியை நிறுத்திவிட்டு மாரி வரை கிணற்றைத் தொடாமல் விட வேண்டும்.