குன்னூருக்கு வீடு மாற்றுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

சாமான் வந்து இறங்கி இன்றோடு மூன்று நாள். பாதி மூட்டை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை சரவணம்பட்டியிலிருந்து குன்னூருக்கு எங்கள் வீட்டுச் சாமானை ஏற்றி இறக்க 19,500 ரூபாய் என்று பேசினோம். கடைசியில் கொடுத்தது 37,500. பேசியதற்கு மேல் 18 ஆயிரம் ரூபாய். மொத்தமே எழுபது கிலோமீட்டர் பயணம். இதில் பீரோ நசுங்கியதும் ஒரு பெட்டி காணாமல் போனதும் சேர்க்கவில்லை.

என் கணவருக்கு குன்னூருக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே பெட்ஃபோர்டு என்ற பகுதிக்கு மேலே ஒரு வாடகை வீடு கிடைத்தது. குன்னூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒருவர் வீட்டு மொட்டைமாடி உயரத்தில் அடுத்தவர் வாசல் இருக்கும். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 62 படி கீழே இறங்க வேண்டும். வண்டி வாசலுக்கு வராது. இது எங்களுக்கு முதல் நாளே தெரியும், யாரிடமும் மறைக்கவும் இல்லை.

வீடு மாற்றித் தருகிறவர்களைத் தேடித் தரும் ஒரு இணையதளத்தில் நம்பரைப் பதிந்தேன். பத்து நிமிடத்தில் ஐந்து பேர் கூப்பிட்டார்கள். நான்கு பேர் எத்தனை பெட்டி, என்றைக்கு, எந்த மாடி என்று மட்டும் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, வீடு ரோட்டுக்கு மேலயா, கீழயா?"

அந்த ஒரு கேள்வியில்தான் விழுந்தேன். மலை தெரிந்த ஆள்தான் இப்படிக் கேட்பார் என்று நினைத்தேன். 62 படி என்றேன். வீட்டுக்காரர் அனுப்பிய வீடியோவையும் வாட்ஸப்பில் அனுப்பினேன். ரோடு எவ்வளவு குறுகல், எங்கே வளைவு, படி எப்படி இறங்குகிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். "பார்த்துட்டேங்கக்கா. ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு நாங்க ஏறாத படியா? வாசல் வரைக்கும் எல்லாம் சேர்த்து 19,500. ஒத்தப் பைசா மேல வேண்டாம். பெரியம்மாவ மட்டும் பத்திரமா கூட்டிட்டு வாங்க, சாமானை நாங்க பார்த்துக்கறோம்." மாமியாருக்கு முழங்கால் வலி என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை நினைவு வைத்துப் பேசினார். சரி, நல்ல மனிதர் என்று அன்றைக்கே 6,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டுவிட்டேன். அந்த இணையதளத்திலும் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் இருந்தது.

முதல் பிடுங்கல் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. "அக்கா, இ-பாஸுக்கு 2,500 போடுங்க, சனி ஞாயிறு கோட்டா முடியப் போகுது, இல்லேன்னா கல்லாறு செக்போஸ்ட்ல வண்டிய திருப்பி விட்டுருவாங்க." உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்தது தெரியும். சீசனில் வார இறுதி நாளில் 8,000 வண்டிக்குத்தான் அனுமதி என்று பேப்பரிலும் படித்திருந்தேன். அதனால் சந்தேகமே வரவில்லை. காலையில் ஏற்ற வேண்டும், கேஸ் சிலிண்டரைக்கூடக் கழற்றிவிட்டோம். 2,500 போட்டேன்.

இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. ஒரு ரூபாய்கூட. வண்டி நம்பர், தேதி, எத்தனை பேர் என்று பதிந்தால் போனிலேயே வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தம்பி காருக்குப் பதிந்து பார்த்தார், இரண்டே நிமிடம். நீலகிரியின் டி.என். 43 பதிவெண் வண்டியாக இருந்தால் பாஸே தேவையில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு 14 அடி லாரி வந்தது. நான்கு பையன்கள் நன்றாகத்தான் ஏற்றினார்கள், பொய் சொல்ல மாட்டேன். பெட்டிகளுக்கு ஒன்று முதல் 31 வரை நானே மார்க்கரில் நம்பர் போட்டிருந்தேன். நாங்கள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு காரில் முன்னால் கிளம்பிவிட்டோம். அதுவும் தப்பு.

பர்லியாறு தாண்டி ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் போன் வந்தது. மேட்டுப்பாளையத்தில் லாரியை நிறுத்திவிட்டார்களாம். "மேடம், இந்த வண்டி உங்க ரோட்டுல திரும்பாது. ரெண்டு பிக்கப்ல மாத்தித்தான் ஏத்தணும். 6,000 ஆகும்." ராத்திரி வரைக்கும் 'அக்கா', இப்போது 'மேடம்'. வீடியோ பார்த்தீர்களே என்றேன். "அது ஆபீஸ்ல பார்த்தது, டிரைவர் பார்க்கல." வேண்டாம், சாமானைத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்று சொல்ல முடியுமா? கோவை வீட்டுச் சாவியைக் காலையிலேயே கொடுத்தாயிற்று. 6,000 போட்டோம்.

மேலே வந்து சேர்ந்தபோது மணி நாலரை. சாரல், பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி. இரண்டு பிக்கப்பும் ரோட்டோரம் நின்றன. வந்தவர்கள் காலையில் ஏற்றிய பையன்கள் இல்லை, வேறு மூன்று பேர். ஒருவரும் தார்ப்பாயை அவிழ்க்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். "படிக்குத் தனிக் கூலிங்க. 9,500. பாக்கி 13,500-ம் சேர்த்துப் போட்டாத்தான் கயிறு அவுப்போம்."

பின்னால் ஒரு மினி பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கீழே வெறும் வீட்டில் மாமியார் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டின் மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போர்வை, ஹீட்டர், அவர் மாத்திரைப் பெட்டி எல்லாமே வண்டியில். 71 வயது. என் கணவர் அந்த 'ஆபீஸ்' ஆளைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. பதினோரு தடவை. கடைசியில் 23,000 ரூபாயை ஒரே தடவையில் போட்டார். பணம் விழுந்த சத்தம் டிரைவர் போனில் கேட்டதும் கயிற்றை அவிழ்த்தார்கள்.

மலைக்கு வீடு மாறுவதில் உள்ள ஆபத்தே இதுதான். சமவெளியில் தகராறு வந்தால் வேறு வண்டி பிடிக்கலாம். இங்கே பாதி வழி ஏறிய பிறகு சாமான் அவர்கள் கையில், இருட்டு வருகிறது, ரோட்டில் நிற்க இடமில்லை. பேரம் பேச நம்மிடம் எதுவும் இருக்காது. அது தெரிந்துதான் செய்கிறார்கள். படியைப் பற்றி அந்த ஆள் முதலிலேயே கேட்டது, எங்கே நிறுத்திக் கேட்டால் நாங்கள் கொடுப்போம் என்று கணக்குப் போடத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பீரோ இருபதாவது படியில் வழுக்கியது, கதவு உள்வாங்கிவிட்டது. பிரிட்ஜைப் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்கள். பாதிச் சாமானைத் திண்ணையில் போட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். ராத்திரி பெட்டிகளை எண்ணினோம். முப்பதுதான் இருந்தது. 17-ஐக் காணோம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் வயிறெரிகிறது. ஞாயிறு காலை ஒரு பெண் எடுத்தார். "சார் வெளியில இருக்காருங்க, சாயங்காலம் கூப்பிடச் சொல்றேன்." சாயங்காலம், "பிக்கப் வேற பார்ட்டிங்க மேடம், அவங்க வாங்குனதுக்கு எங்களுக்குச் சம்பந்தமில்ல." அந்தப் பணம் எல்லாமே நீங்கள் கொடுத்த ஒரே நம்பருக்குத்தானே போயிருக்கிறது என்றேன். லைன் கட். வாட்ஸப்பில் பில் கேட்டேன், இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திங்கள்கிழமை புரொபைல் படமே போய்விட்டது, பிளாக் செய்துவிட்டார்கள். அந்த இணையதளத்தில் புகார் போட்டேன். "நாங்கள் இருவரையும் இணைத்துவிடுவதோடு சரி, கட்டணத் தகராறில் தலையிட மாட்டோம்" என்று பதில் வந்தது. அப்படியானால் அந்தப் பச்சை டிக்கில் எதைச் சரிபார்த்தார்கள்?

கொட்டேஷன் தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் 29 என்று தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்கு 33, 29 கர்நாடகா. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர் வருகிறது. அட்வான்ஸ் போடும் முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் 18 ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணா நேற்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இங்கே பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு எந்த ரோட்டில் எந்த வண்டி திரும்பும் என்று அத்துப்படியாம், படி இறக்க ஆளையும் அவர்களே கூட்டி வருவார்களாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நம்பர் கொடுத்திருப்பார்.

மலைக்கு வீடு மாறுவது எப்படி என்று விவரமாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குத் தெம்பில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். படி எத்தனை, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் எவ்வளவு தூரம், எந்த அளவு வண்டி வரும், நடுவில் வண்டி மாற்றுவார்களா என்று எல்லாவற்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். இ-பாஸுக்கு யாருக்கும் பணம் தராதீர்கள். சாமான் வண்டி கூடவே வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும். மாத்திரை, போர்வை, நகை, பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும். பிரிட்ஜைப் படுக்க வைத்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்விட்ச் போடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் நேற்றே பதிந்துவிட்டேன். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பணம் போட்ட ரசீது, வாட்ஸப் வீடியோ, பீரோ படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். 18 ஆயிரத்தை விடப் போவதில்லை.

அந்த 17-ஆம் நம்பர் பெட்டி பூஜைச் சாமான். பழைய பச்சைச் சேலையில் சுற்றிய இரண்டடிப் பித்தளைக் குத்துவிளக்கு, மாமியாருக்கு அவர் அம்மா கொடுத்தது. அடித்தட்டில் 'மு.ரா.' என்று பெயர் வெட்டியிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் மேட்டுப்பாளையத்தில் ரோட்டோரம் சாமான் மாற்றிய இடத்தில் விட்டிருக்கலாம். அங்கே கடை வைத்திருக்கிறவர்கள், பழைய பாத்திரம் வாங்குகிறவர்கள் யாராவது பார்த்திருந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.