59 சிசி என்று சொல்லி விற்ற செயின்சோ: கொழும்பில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் செயின்சோ வாங்கப் போகிறீர்களா? மரம் வெட்டுவதுதான் உங்கள் தொழில் என்றால், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 115,000 ரூபா. அதை உழைத்துக்கொள்ளலாம். என்னோடு வேலை செய்யும் தம்பியின் கால் மயிரிழையில் தப்பியது. அதனால்தான் எழுதுகிறேன்.

வத்தளையிலிருந்து தெஹிவளை வரை வீட்டு மரங்களுக்குக் கிளை கழிப்பதும் சாய்ந்த மரங்களை இறக்குவதும் பதினொரு வருடமாக என் பிழைப்பு. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் போன் ஓயாது. என்னிடம் இருந்தது 45 சிசி சின்ன மெஷின். கிளைக்கு அது தாராளம், அடிமரத்தில் வைத்தால் திணறும். 70 சிசிக்கு மேல் போனால் பாரம். மதிலுக்கும் கூரைக்கும் நடுவில் நின்று நாள் முழுக்கத் தூக்க முடியாது. ஆகவே நடுத்தரம், அதாவது 50க்கும் 60க்கும் இடையில், 20 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போடக்கூடிய ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஸ்டில் எம்எஸ் 362, ஹஸ்க்வர்னா 562 எக்ஸ்பி இரண்டும்தான் மனதில் இருந்தன. இரண்டுமே 60 சிசியை ஒட்டியவை, 3.5 கிலோவாட் வலு உள்ளவை. எஞ்சினின் அடிப்பெட்டி மக்னீசிய வார்ப்பு. வீட்டுப் பாவனைக்கு வரும் பல மெஷின்களில் அந்த இடம் பிளாஸ்டிக். தினமும் ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

கொம்பனியின் அதிகாரபூர்வக் கடையில் விலை கேட்டேன், கட்டாது. பஞ்சிகாவத்தை, பழைய சோனகத் தெரு என்று இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் ஒரு குறுக்குத் தெருக் கடையில் நான் தேடிய 362 இருந்தது. அதே செம்மஞ்சள், அதே சாம்பல் நிறம், அதே எழுத்து. விலையோ பாதிக்கும் குறைவு.

"எப்படி இந்த விலைக்குத் தர முடியுது?" என்று கேட்டேன்.

"அண்ணே, சாமான் ஒண்ணுதான். கொம்பனிக்காரன் பெயருக்குக் காசு வாங்குறான். எங்களுக்கு நேரா வருது. ஒரு வருஷம் வாரண்டி தாறேன், யோசிக்க வேணாம்."

கடைக்கு முன்னால் வைத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். இரண்டாவது இழுப்பிலேயே எடுத்தது, சத்தமும் நன்றாக இருந்தது. செயினை ஓடவிட்டு பிறேக் போட்டுக் காட்டச் சொன்னேன். "செயின் ஒயில் ஊத்தல அண்ணே, காய்ஞ்சு ஓடினா பார் தேஞ்சிரும்" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. பக்கத்துக் கடையில் அரை லீற்றர் ஒயில் வாங்கி ஊற்றியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகியிருக்கும். நான் அதைச் செய்யவில்லை. பில்லில் "செயின்சோ 1" என்று மட்டும் எழுதியிருந்தது. மொடலும் இல்லை, இயந்திர எண்ணும் இல்லை. அதையும் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறாவது நாள் தெஹிவளையில் ஒரு மாமரம். தம்பி அடிக்கவட்டில் வெட்டிக்கொண்டிருந்தான். பாரின் மூக்கு பின்னால் மறைந்திருந்த ஒரு கிளையில் முட்டியது. வாள் மேலே எகிறியது. இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். முன் கைப்பிடிக்கு மேலே உள்ள தடுப்பு இருப்பதும் இதற்காகத்தான். எகிறும் வேகத்தில் மணிக்கட்டு பட்டு அது முன்னால் போக வேண்டும், உள்ளே உள்ள எஃகுப் பட்டி கிளச் டிரம்மை இறுக்க வேண்டும், கண் மூடித் திறப்பதற்குள் செயின் நிற்க வேண்டும். தடுப்பு முன்னால் போனது. டக் என்ற சத்தம் எனக்கும் கேட்டது. செயின் நிற்கவில்லை. தம்பி கைப்பிடியை விடாமல் மெஷினைக் கீழே கொண்டுவந்தான். ஓடிக்கொண்டிருந்த செயின் அவன் டெனிமைக் கவ்வி, தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டுத்தான் நின்றது. தோல் சிராய்ந்து இரத்தம் கசிந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழிசலைப் பார்த்த பிறகு அன்று எங்களால் வேலை செய்ய முடியவில்லை.

"பிறேக் விழுந்துச்சு அண்ணே, செயின்தான் நிக்கல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அடுத்த நாள் எனக்குத் தெரிந்த, மெஷின் திருத்தும் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் கிளச் மூடியைக் கழற்றி பிறேக் பட்டியை விரலால் அழுத்திக் காட்டினார். தகரம் மாதிரி வளைந்தது. ஸ்பிரிங்கைக் கையாலேயே இழுக்க முடிந்தது. செயினின் அடிப்பல்லைத் துடைத்துப் பார்த்தார், எந்த எழுத்தும் இல்லை. அசல் ஸ்டில் செயினில் அந்தப் பல்லில் ஓர் எண் குத்தியிருக்கும். 6 என்றால் தடிப்பு 1.6 மில்லிமீற்றர், 3 என்றால் 1.3.

அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு, மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். பிளக் ஓட்டைக்குள் நேராக விட்டு, பிஸ்டன் மேலே வந்தபோது நகத்தால் ஓர் அடையாளம், கீழே போனபோது இன்னோர் அடையாளம். இரண்டுக்கும் இடையில் 34 மில்லிமீற்றர். "இது சரி" என்றார். சிலிண்டரைத் தூக்கிவிட்டு பிஸ்டனின் விட்டத்தை வேர்னியரால் அளந்தார். 45 மில்லிமீற்றர். அசல் 362இல் அது 47 இருக்க வேண்டும், அப்போதுதான் 59 சிசி வரும். 45 என்றால் 54தான். ஐந்து சிசி என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். பாஸ் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. "சிசி கிடக்கட்டும் தம்பி, இந்த பிறேக்கைப் போட்டு விக்கிறவன் மனுஷனா?" என்று கேட்டார்.

எஞ்சினின் அடிப்பெட்டியில் இயந்திர எண் வார்ப்பிலேயே குத்தியிருக்க வேண்டும். என்னுடையதில் அந்த இடம் மொட்டை. எண் இருந்தது ஒரு ஸ்டிக்கரில் மட்டும். செயின்சோவைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் விதி வந்தது ஞாபகம் இருக்கும். உரியும் ஸ்டிக்கரை வைத்து எதைப் பதிவது?

கடைக்குத் திரும்பிப் போனேன். நான் எதிர்பார்த்தபடியே பழி என் மேல் வந்தது. பெற்றோலில் ஒயிலைப் பிழையாகக் கலந்திருப்பேனாம், லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் விட வேண்டுமாம். ஸ்டில் தன் சொந்த ஒயிலுக்குச் சொல்லும் அளவு லீற்றருக்கு 20தான். அதை விடுங்கள், பெற்றோல் கலவைக்கும் பிறேக் பட்டிக்கும் என்ன சம்பந்தம்? மாற்றித் தரச் சொன்னேன். கடைப் பையன் உள்ளே போய் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். ஸ்டிக்கரைப் பார்த்தேன், அதே எண். என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. போனை எடுத்து ஒரு படம் எடுப்பதற்குள் பையன் கையால் மறைத்துவிட்டான், ஆனாலும் இரண்டு எண்களும் விழுந்திருக்கின்றன. காசு கிடைக்கவில்லை.

மலிவான சீன மெஷினை அதன் சொந்தப் பெயரில், சொந்த விலையில் விற்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தோட்டத்தில் மாதம் ஒருமுறை நாலு கிளை வெட்ட அது போதும், வாங்குபவருக்கும் என்ன வாங்குகிறோம் என்று தெரியும். இன்னொருவன் பெயரை ஒட்டி, அந்தப் பெயரை நம்பி ஒருவன் மரத்தடியில் நிற்கிறான் என்று தெரிந்தே விற்பது வேறு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீங்கள் வாங்கப் போனால் செயின் ஒயிலைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே ஊற்றி, செயினை ஓடவிட்டு, தடுப்பை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். அந்த நொடியே நிற்காவிட்டால் அந்த மெஷின் வேண்டாம். அடிப்பெட்டியில் குத்திய எண்ணை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அதே எண்ணையும் மொடலையும் பில்லில் எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன். என் பில்லில் எண் இல்லாததுதான் பெரிய குறை. அந்த இரண்டு ஸ்டிக்கர் படத்தை முறைப்பாட்டோடு இணைத்திருக்கிறேன்.

ஸ்டிக்கரில் உள்ள எண் 17 என்று தொடங்கி 406 என்று முடிகிறது. உங்கள் மெஷினிலும் அதே எண் இருந்தால் இன்றே வேலையை நிறுத்துங்கள். படத்தையும் பில்லையும் எனக்கு அனுப்புங்கள், என் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.