உறுமிக்கு அளவு வையுங்கள், பூசாரிக்கு அல்ல: ஓபிஎஸ் மிக்சருடன் நான்கு திருவிழாக்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நான்கு ஆண்டுகளாக ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற நேரலை மென்பொருள் வழியாக நேரலை செய்து வருகிறேன். கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று குடிபோய்விட்ட தோட்டத்துக் குடும்பங்கள்தான் பார்க்கிறவர்கள். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் கரகரத்தால் உடனே போன் வந்துவிடும்.

முதல் ஆண்டு அப்படித்தான் ஆனது. ஒலிபெருக்கி வைத்திருந்த அண்ணனின் மிக்சரிலிருந்து (ஒலிகளைக் கலக்கும் பெட்டி) லைன் அவுட்டை, அதாவது கலந்த ஒலி வெளியே வரும் வழியை, எடுத்து மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகிவிட்டேன். பூசாரி மந்திரம் சொன்னவரை ஒன்றும் தெரியவில்லை. உறுமி மேளம் தொடங்கியதும் ஒவ்வொரு அடியும் தகரம் கிழிவது போல் விழுந்தது. பதறிப்போய் ஓபிஎஸ்ஸில் வால்யூமைக் குறைத்தேன். சத்தம் சிறிதானது, கிழிசல் அப்படியே இருந்தது.

லைன் சிக்னல் மைக் சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. மைக் துளை அதைத் தாங்காமல் அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. ஒலி டிஜிட்டலாக மாறும் இடத்தில் 0 டெசிபெல்தான் கூரை. அங்கே வெட்டுப்பட்டது திரும்பி வராது. ஓபிஎஸ்ஸின் வால்யூம் கட்டையோ அதற்கும் பிறகுதான் வருகிறது. இந்த ஒன்று புரிய எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. மறு ஆண்டு லைன் சிக்னலைத் தாங்கும் லைன் இன் துளை உள்ள சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் (ஒலியை டிஜிட்டலாக்கிக் கணினிக்குத் தரும் பெட்டி) வாங்கினேன். இதுவரை செய்த செலவில் இதற்குத்தான் முழுப் பலன் கிடைத்தது.

ஓபிஎஸ்ஸின் ஒலி அளவு காட்டும் மீட்டரில் -20 டெசிபெல் வரை பச்சை, -20 முதல் -9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பட்டைக்கு இடது ஓரத்தில் ஒரு குட்டிச் சதுரம் இருக்கும், பலர் கவனிப்பதில்லை. அது வால்யூம் கட்டைக்கு முந்தைய அளவைக் காட்டுகிறது. அது வெள்ளையாக மாறினால் உள்ளே வரும் ஒலியே உச்சியை முட்டுகிறது என்று பொருள். உடனே இன்டர்பேஸின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைக்க வேண்டும்.

பேச்சுக்கு அளவு வைத்துவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். மேளக் குழுவிடம் “தம்பி, முழு வேகத்தில் ஒரு நிமிடம் அடிங்கப்பா” என்று கேட்டு, உச்ச அடி -10க்கு அருகில் நிற்கும்படி கெயினை வைக்கிறேன். பூசாரியின் மைக்கைத் தனி வழியில் எடுத்து -15 அளவில் விடுகிறேன். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது மொத்த அளவு கூடும், அதனால்தான் இவ்வளவு இடம் விடுகிறேன். குறித்த அளவைத் தாண்டும் ஒலியை அமுக்கும் லிமிட்டர் ஃபில்டரை -3இல் போட்டிருக்கிறேன். அது எதிர்பாராத அடிக்கு மட்டும்தான். எப்போதும் அதன் மேலேயே சாய்ந்தால் மேளத்தின் உயிர் போய்விடும்.

அப்புறம், இரைச்சல் நீக்கும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். அது மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. எங்கள் உடுக்கையை இரைச்சல் என்று நினைத்து விழுங்கியது.

இன்னும் தீராத தொல்லை ஒன்று உண்டு. கூட்டம் கூடினால் ஒலிபெருக்கி அண்ணன் தம் மிக்சரை ஏற்றிவிடுவார், எனக்கு வரும் அளவும் கூடிவிடும். இந்த ஆண்டு அவர் கட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் ஒட்டி, “இதைத் தாண்டும்போது எனக்குக் கை காட்டுங்கண்ணே” என்று கேட்டுக்கொண்டேன். மூன்று முறை காட்டினார்.