12 வருடமாக மண்ணில் ஓடும் என் ஆர்எக்ஸ் 100: ஸ்டார்ட் ஆகாமல் நின்ற நாட்கள்

என்னுடையது 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். 2013-இல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததை வாங்கி வந்தேன். ரோட்டில் ஓட்ட வாங்கவில்லை. முன் மட்கார்டைத் தூக்கிக் கட்டி, பட்டன் டயர் போட்டு, பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டி, மண்ணில் ஓட்டுவதற்காகவே வாங்கினேன். கோடையில் குளம் காய்ந்தால் குளத்துத் தரை, மற்ற நாட்களில் தென்னந்தோப்பு வண்டிப் பாதை.

1985 முதல் 1996 வரை நம் ஊரில் வந்த வண்டி இது. 50 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 98 சிசி, 11 குதிரைசக்தி. இன்றைய கணக்கில் சின்ன எண்தான். ஆனால் ஆர்பிஎம் ஒரு இடத்தைத் தாண்டியதும் புழுதியில் பின் சக்கரம் சீறுகிற விதம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

சரி, ஸ்டார்ட் ஆகாத கதைக்கு வருகிறேன். இது போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: வண்டி எப்போது ஸ்டார்ட் ஆகவில்லை? மாதக்கணக்கில் நின்ற பிறகா, காலையில் குளிர்ந்திருக்கும்போதா, ஓடிச் சூடான பிறகா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது, நின்ற பிறகு. 2023 மழைக்காலம் முழுக்க வண்டியைத் தொடவில்லை. தை மாதம் எடுத்தால் முப்பது உதை உதைத்தும் ஒரு சத்தம் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். ஈரமே இல்லை, பெட்ரோல் வாசமும் இல்லை. அப்படியென்றால் பெட்ரோல் உள்ளே போகவே இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். மேலே பெட்ரோல், அடியில் தனியாக ஒரு கலங்கல் தண்ணீர்ப் படலம். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் அளவுக்கு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். இந்த வண்டி செய்த காலத்து ரப்பருக்கு எத்தனால் பழக்கமும் இல்லை. என் வண்டியில் டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வாஷர் உப்பிப்போய் வழியையே அடைத்திருந்தது.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான பைலட் ஜெட்டும் அடைத்திருந்தது. ஊசியோ ஸ்டீல் கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பழைய வயரை உரித்து அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து விட்டு, காற்று அடித்தால் போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். அது தெரிந்து மாட்டிய பிறகு மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

பிளக் நனைந்திருந்தால் கதை தலைகீழ். பெட்ரோலை மூடி, சோக்கை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திருகிப் பத்து உதை விட்டால் உள்ளே தேங்கியது வெளியே வந்துவிடும். அப்போது பிளக் கேப் சும்மா தொங்கக் கூடாது. கேப்பில் பிளக்கை மாட்டி, ஓட்டையிலிருந்து தள்ளி, எஞ்சின் இரும்பில் தொடும்படி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் பொறி பட்டு ஆவி பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, சூடான பிறகு. என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடம் குளத்தில் சுற்றினால் சட்டென்று நிற்கும். அப்புறம் எத்தனை உதைத்தாலும் உயிர் வராது. அரை மணி நேரம் மரத்தடியில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மூன்று மாதம் இப்படியே ஓட்டினேன். கார்புரேட்டரை நாலு தடவை கழுவினோம். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைப்போ என்று மூடியைத் திறந்து வைத்துக்கூட ஓட்டிப் பார்த்தேன்.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கடைசியில் சொன்னார்: “தம்பி, இங்க கொண்டு வர்றதுக்குள்ள வண்டி ஆறிப்போயிடுதுங்க. நின்ன எடத்துலயே கரண்ட் பாத்தாத்தான் தெரியும்.”

அடுத்த ஞாயிறு மீட்டரோடு குளத்துக்கே வந்தார். வண்டி நின்றதும் பிளக்கை இரும்பில் வைத்து உதைத்தோம். பொறி இல்லை. சாவி சுவிட்சுக்குப் போகும் கறுப்பு வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு உதைத்தோம். சுவிட்ச் உள்ளே எர்த் ஆகியிருந்தால் அதைக் கழற்றியதும் பொறி வரும். அப்போதும் இல்லை. பிறகு டேங்க் அடியில் கனெக்டரைப் பிரித்து, பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் மேக்னெட் காயிலை அளந்தோம். மீட்டர் எதுவுமே காட்டவில்லை. அப்படியே மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் கழித்து, நாங்கள் எதையும் தொடாமலே, திரையில் எண் வந்து நின்றது. காயில் உள்ளே எங்கோ கம்பி விட்டிருக்கிறது. சூட்டில் விரிந்தால் பிரிகிறது, ஆறினால் சேர்கிறது. எனக்கு முன் யாரோ மாற்றிப் போட்டிருந்த, பேர் தெரியாத காயில் அது. நல்ல காயில் போட்ட பிறகு இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை.

மேக்னெட்டைக் கழற்றப் புல்லர் என்ற இழுக்கும் கருவி கட்டாயம் வேண்டும். சுத்தியால் தட்டிக் கழற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். கிராங்க் வளைந்தால் செலவு வேறு கணக்காகிவிடும்.

மூன்றாவது, குளிரில். காலையில் சோக் போட்டால்தான் பிடிக்கும், அதுவும் பத்துப் பதினைந்து உதை ஆகும். பிடித்த பிறகு த்ராட்டிலை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காது, தானாக ஏறும். பிளக் முனை வெளுத்திருந்தது. எங்கிருந்தோ காற்று உள்ளே புகுந்து கலவை நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். இப்படி இருக்கும்போது தயவுசெய்து ஓட்டாதீர்கள். பெட்ரோலோடு சேர்ந்துதான் பிஸ்டனுக்கு ஆயில் போகிறது, அது குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக் கடித்துவிடும்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. கலவையை ஒரே பக்கமாக உள்ளே விடும் ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் இதழ்கள் ஒட்டித்தான் இருந்தன. அண்ணன் அப்போது ஒரு பழைய பிபி பார்க்கும் கருவியை எடுத்தார். சைலன்சர் வாயை சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து இறுக்கினார். பெட்ரோல் போகும் வாயில் ரப்பர் கார்க்கை அடைத்து, அதன் நடுவே பிபி கருவியின் குழாயைச் செருகினார். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு பம்பை அழுத்தி 300 வரை ஏற்றினார். அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ, எஞ்சின் உடம்பைச் சோதிக்க அந்த அளவு போதும். கொஞ்ச நேரமாவது முள் அங்கேயே நிற்க வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் பாதிக்கு இறங்கியது. மேக்னெட் பக்கம் கிராங்க் ஓரமாகச் சோப்புத் தண்ணீரைத் தடவினால், முட்டை முட்டையாக நுரை வந்தது. ஆயில் சீல் போயிருந்தது.

கிளட்ச் பக்கச் சீல் போனால் அடையாளம் வேறு. கியர் ஆயில் உள்ளே இழுத்து எரிந்து, வெள்ளைப் புகை அடங்கவே அடங்காது. கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். ஒரு பக்கம் திறந்தாயிற்றே என்று நான் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன்.

மண்ணில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டி ரப்பரில் சின்னக் கிழிசல் இருந்தாலும் புழுதி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். கம்ப்ரஷன் மெல்ல மெல்லக் குறைவதால் நமக்குத் தெரியாது. கிக்கர் காலுக்கு லேசாகிறதே என்று தோன்றினால் சிலிண்டரைக் கடைந்து போர் போட நேரம் வந்துவிட்டது. 2018-இல் எனக்கு அப்படித்தான் முதல் போர் போட வேண்டி வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவித்தான் மாட்டுகிறேன்.

இப்போது ஓட்டி முடித்ததும் வீட்டுக்கு நூறடி முன்பே பெட்ரோல் காக்கை மூடிவிடுகிறேன். வாசலில் நியூட்ரலில் ஓடவிட்டால் கிண்ணத்தில் மிச்சமிருப்பது எரிந்து, ஒரு கணம் வேகம் ஏறி, வண்டி தானாக அணைந்துவிடும். போன வாரம் ஆறு வாரம் கழித்து எடுத்தேன். சோக், இரண்டு உதை, அப்புறம் அந்த நீலப்புகை.