பைக்குக்கு கார் ஆயில்: நெல்லையில் ஆயில் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை வட்டாரத்தில் வெளி ஒர்க்‌ஷாப்பில் பைக்குக்கு ஆயில் மாற்றுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்வது ஒரு கடை மட்டுமில்லை.

என்னுடையது ஹோண்டா ஷைன் 125. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பது 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரை). அதைச் சொல்லித்தான் வண்டியை விட்டேன். "ஃபுல் சிந்தடிக் ஊத்தியிருக்கேன் அண்ணாச்சி, வண்டி பறக்கும்" என்று மெக்கானிக் கூடுதலாகவே வாங்கிக்கொண்டார். பில்லில் 'ஆயில் சர்வீஸ்' என்பதோடு சரி.

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறுகிறேன். பின்னால் மனைவி, முன்னால் அரிசிப் பை. மூன்றாவது கியரில் முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஓரங்கட்டி ஆயில் மூடியைத் திறந்தால் கருகின வாடை.

மறுநாள் போய் எந்த டப்பா என்று கேட்டேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து காருக்கான 5டபிள்யூ-30 கேன் வந்தது, யாரோ காருக்கு ஊற்றியது போக மீதி. லேபிளின் பின்பக்க வட்டத்தில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்', அதாவது பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஆயில் என்று அச்சடித்தே இருக்கிறது. "ரெண்டும் 30தான அண்ணாச்சி?" என்றார்.

30 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மைக்கான எண். டபிள்யூவுக்கு முன்னால் உள்ளது குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது எப்படி இருக்கும் என்பதற்கு. 10டபிள்யூ ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனையே மைனஸ் 25 டிகிரியில்தான், ஆகவே நம்ம ஊர் மார்கழிக்கு 5 ஆனாலும் 10 ஆனாலும் ஒன்றுதான். ஆனால் கிளட்சைப் பற்றி இந்த எண்கள் எதுவும் சொல்லாது. கியர் பைக்கில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இந்த மாதிரி கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கைச் சேர்க்கிறார்கள். பிளேட்டுக்கோ உராய்வு இருந்தால்தான் பிடிப்பு. இல்லாவிட்டால் வழுக்கும், அதாவது ஸ்லிப் ஆகும்; பாலத்தில் ஆனதுபோல இன்ஜின் அலறும், வண்டி ஏறாது. அதற்குத்தான் எம்ஏ, எம்ஏ2 முத்திரை. எம்பி என்றிருந்தால் ஸ்கூட்டருக்கு. ஆக்டிவாவுக்குச் சரி, ஷைனுக்கு ஆகாது. இரண்டுமே 10டபிள்யூ-30 என்பதால் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவும் பேசின பிறகு, "அப்ப நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊத்திருவோம், ஸ்லிப் நின்னுரும்" என்றாரே பார்க்கலாம்! அக்னி நட்சத்திரம் பாளையங்கோட்டைக்கு மட்டுமா வருகிறது? இந்தியாவில் ஓட்டுவதற்கென்று விற்கிற வண்டிக்குத்தான் புத்தகத்தில் 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. 30 கேட்கிற இன்ஜினில் 50 போனால் இழுவை மந்தமாகும், மைலேஜ் அடிவாங்கும். பழைய பல்சர் மாதிரி 20டபிள்யூ-50 கேட்கிற வண்டிகள் இருக்கின்றன, அவற்றுக்கு ஊற்றட்டும்.

வேறு கடையில் எம்ஏ2 ஆயில் மாற்றியும் ஸ்லிப் நிற்கவில்லை. பிளேட் செட்டே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. முதல் கடைக்காரர் ஒரு பைசா தரவில்லை. பில்லில் கிரேடு இல்லாததால் காட்டிக் கேட்கவும் வழியில்லை.

ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் சீலைக் கண்முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். கிரேடையும் எம்ஏவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். காலி டப்பாவை விட்டுவிட்டு வராதீர்கள், லூஸ் ஆயிலை நிரப்பி விற்க அது உதவும். அப்புறம், பழைய ஆயில் கறுத்துவிட்டது என்று காட்டிப் பயமுறுத்துவார்கள். அழுக்கைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதால் ஆயில் கறுக்கத்தான் செய்யும். மாற்றும் நேரத்தை நிறத்தை வைத்து முடிவுசெய்யாமல் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கைப் பாருங்கள்.