பழைய பிரிட்டிஷ் ஆர்மி வண்டிய கண்டுபிடிக்கணுமா? இம்பீரியல் வார் மியூசியம் போட்டோ கலெக்ஷன் - என் ரிவ்யூ

ரெண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் ஆர்மி கார், வேன் போட்டோ ஒண்ணு கைல கிடைச்சா இது என்ன மாடல், எந்த யூனிட்டு, அப்புறம் வண்டி என்னாச்சுனு நோண்டிட்டே இருக்கற ஆளுங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ, மத்தவங்க அப்படியே ஸ்க்ரோல் பண்ணி போய்டலாம். நான் ஸ்கேல் மாடல் பண்றவன், அதனால ரெஃபரன்ஸ் போட்டோ தேடறது எனக்கு பாதி வேலை. லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தோட ஆன்லைன் போட்டோ கலெக்ஷனதான் ரொம்ப நாளா யூஸ் பண்றேன். தேடி பாக்க காசு இல்ல, லாகின் இல்ல.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், போட்டோவுக்கு கீழ இருக்கற கேப்ஷன் அன்னிக்கு ஆர்மி போட்டோகிராஃபர் எழுதி அனுப்பின குறிப்புலேர்ந்து வந்தது, அவருக்கு ஆளும் இடமும்தான் முக்கியம், பின்னாடி நிக்கற வண்டி ஆஸ்டினா ஹில்மேனானு அவருக்கு என்ன கவலை. 1945ல இளவரசி எலிசபெத் ஏடிஎஸ் (பிரிட்டிஷ் ஆர்மியோட பெண்கள் பிரிவு) யூனிஃபார்ம்ல நிக்கற கலர் போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க, அதுக்கே எல் போர்டு மாட்டின டிரக், பின்னாடி ஒரு மெடிக்கல் லாரி, அவ்ளோதான் கேப்ஷன். அதனால மாடல் பேர் போட்டு தேடினா கொஞ்சம்தான் வரும். ஸ்டாஃப் கார், ஆம்புலன்ஸ், கான்வாய், இல்ல ஊர் பேர், இப்படி தேடுங்க, கொட்டும்.

அதவிட நல்ல வழி போட்டோ நம்பர். முன்னாடி இருக்கற எழுத்துதான் சாவி. ஹெச்னா இங்கிலாந்துலயே எடுத்தது, ஈன்னா மிடில் ஈஸ்ட், என்ஏன்னா வட ஆப்பிரிக்காவும் இத்தாலியும், பி (B), பியூ (BU)னா நார்மண்டிலேர்ந்து ஜெர்மனி வரைக்கும், எஸ்ஈன்னா பர்மா பக்கம், ஐஎன்டினா இந்தியா, சிஹெச்னா ஏர்ஃபோர்ஸ். நம்பர் வரிசையா போறதால ஒரு போட்டோ கிடைச்சா அதுக்கு முன்ன பின்ன நம்பர போட்டு பாருங்க, அதே எடத்துல அதே வண்டிய வேற ஆங்கிள்ல எடுத்திருப்பாங்க, பானட் சைடு தெரியும். இந்த ஒரு விஷயத்துக்கே நான் ஃபுல் மார்க் போடுவேன்.

ஏன் பானட் சைடு? அங்கதான் டபிள்யூடி (வார் டிபார்ட்மென்ட்) நம்பர், அதாவது வண்டியோட ஆர்மி நம்பர், பெயின்ட் பண்ணிருப்பாங்க. எம்ல ஆரம்பிச்சா கார், வின்னா வேன், இசட்னா 15 ஹண்ட்ரட்வெயிட் (சுமார் 760 கிலோ) சுமக்கற மாதிரி சின்ன டிரக், எல்னா லாரி, ஏ எழுத்துனா ஆம்புலன்ஸ், சி எழுத்துனா பைக். ஏர்ஃபோர்ஸ் வண்டினா நம்பரோட ஆர்ஏஎஃப்னு இருக்கும், நேவிக்கு ஆர்என். இந்த நம்பர்கள கான்ட்ராக்ட் வாரியா பிளாக் பிளாக்கா குடுத்தாங்க, அதனால நம்பர் முழுசா படிக்க முடிஞ்சா எந்த கம்பெனி எந்த ஆர்டர்ல செஞ்சதுங்கற வரைக்கும் போகலாம்.

நம்பர் தெரியலன்னா உருவத்த வெச்சுதான் பாக்கணும். டில்லினு (Tilly, ஊர் இல்ல) கூப்பிடற லைட் யுடிலிட்டி கார், அதாவது கார பிக்கப்பா மாத்தின வண்டி, நாலு கம்பெனி செஞ்சது, ஆஸ்டின், ஹில்மேன், மாரிஸ், ஸ்டாண்டர்டு. பின்பக்கம் நாலுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பிக்கப் பாடி, மேல கேன்வாஸ், அதனால பின்னாடிலேர்ந்து எடுத்த போட்டோவ வெச்சு நிறைய பேர் தைரியமா ஆஸ்டின்னு எழுதிடறாங்க. முன்பக்கம் பாருங்க, கிரில் பெரும்பாலும் அந்தந்த கம்பெனி வித்த சாதா காரோட சாயல்ல இருக்கும். நிஜ வண்டியே பக்கத்துல இருந்தா இன்ஜின் சொல்லிடும், ஆஸ்டின் 1125 சிசி, மாரிஸ் 1140, ஹில்மேன் 1185, ஸ்டாண்டர்டு மட்டும் 12 ஹார்ஸ்பவர் ரகம், 1608 சிசி. ஆனா போன எண்பது வருஷத்துல எவனாவது இன்ஜின மாத்திருந்தா அதுவும் போச்சு.

பெட்டி மாதிரி மூடின பாடி இருக்கற பெரிய யுடிலிட்டிக்கு இன்னொரு குழப்பம், ஹம்பரா ஃபோர்டா? குனிஞ்சு முன் வீல் ரெண்டுக்கும் நடுவுல பாருங்க, டிஃப்ரென்ஷியல் (வீலுக்கு பவர் பிரிச்சு குடுக்கற கியர் உருண்டை) இருந்தா ஹம்பர், அது ஃபோர் வீல் டிரைவ். ஃபோர்டு டபிள்யூஓஏ2வுக்கு பின் வீல் டிரைவ் மட்டும்தான், உள்ள 3.6 லிட்டர் வி8. ஒரு ஆன்லைன் கடையில, பேர் வேணாம், பிரிட்டிஷ் ஜெனரல் மான்ட்கோமரியோட ஹம்பர்னு லேபிள் போட்டு ஒரு பிரிண்ட் எனக்கு வித்தாங்க, வந்து பாத்தா பளிச்சுனு ஃபோர்டு யுடிலிட்டி. மான்ட்கோமரி ஆப்பிரிக்கால யூஸ் பண்ண ஹம்பர் ஸ்நைப் மேல மூடாத டூரருங்க, பெட்டி பாடியே கிடையாது! அதே படம் இந்த கலெக்ஷன்ல சரியான கேப்ஷனோட சும்மாவே கிடைக்குது.

பெட்ஃபோர்டு எம்டபிள்யூங்கற சின்ன டிரக் ஈஸி, அகலமான தட்டை பானட். கதவே இல்லாம கேன்வாஸோட, சின்ன மடக்கு கண்ணாடி ரெண்டு இருந்தா ஆரம்ப கால வண்டி, முழு விண்ட்ஸ்கிரீன் இருந்தா 1943க்கு அப்புறம்.

யூனிட் கண்டுபிடிக்க மட்கார்டுல இருக்கற சின்ன சதுரத்த ஜூம் பண்ணுங்க. பாலைவன எலி இருந்தா 7வது ஆர்மர்டு டிவிஷன், ஹெச்டினா 51வது ஹைலேண்ட், சிவப்புக் கழுகு நம்ம 4வது இந்தியன் டிவிஷன், மெட்ராஸ் சேப்பர்ஸ் (ஆர்மி இன்ஜினியருங்க) பசங்க இத்தாலில கேசினோங்கற ஊர் வரைக்கும் போன டிவிஷன் அது. மஞ்சள் வட்டத்துல கருப்பு நம்பர் இருந்தா அது யூனிட் இல்ல, பாலம் தாங்கற வெயிட் கிளாஸ், நிறைய பேர் இங்க கோட்டை விடறாங்க. சில படத்துல சின்னம் இருக்க வேண்டிய எடமே வழிச்சு எடுத்த மாதிரி இருக்கும், ஸ்கேன் கோளாறு இல்ல, அப்பவே சென்சார் ஆளுங்க சுரண்டிட்டாங்க. அந்த நேரத்துல அவங்க மேல வர்ற கோவம் இருக்கே.

கலர் விஷயத்துல மட்டும் இந்த கலெக்ஷன நம்பி பெயின்ட் வாங்காதீங்க. பச்சை பிக்மென்ட் தட்டுப்பாட்டுல 1941க்கு மேல பிரவுனுக்கு மாறினாங்க, 1944ல ஆலிவ் டிராப்ங்கற மங்கின பச்சைக்கு போனாங்க, கருப்பு வெள்ளை போட்டோல இது மூணும் ஒரே சாம்பல்தான். தேதிய வெச்சுதான் யூகிக்கணும், பழைய பெயின்ட்லயே 1944ல ஓடின வண்டியும் உண்டு.

இன்னொண்ணு, போட்டோல இருக்கறது உங்க வண்டிதானானு நிரூபிக்க இது போதாது. ரீமி (ஆர்மியோட ரிப்பேர் பிரிவு) ஒர்க்‌ஷாப்ல ரீபில்ட் பண்றப்ப ஒரு வண்டி பானட்ட இன்னொண்ணுக்கு மாட்டினது சகஜம், அதனால பெயின்ட்ட சுரண்டி எடுத்த நம்பர் பக்கத்து வண்டியோடதா கூட இருக்கலாம். சேசிஸ் நம்பர், டேட்டா பிளேட்டு ரெண்டையும் சேத்து பாக்கணும். 1949ல ஆர்மி நம்பர் முறையே மாறிடுச்சு, ரெண்டு இலக்கம், ரெண்டு எழுத்து, ரெண்டு இலக்கம்னு, அதுக்கு மேல சர்வீஸ்ல இருந்த வண்டிக்கு பழசு, புதுசுனு ரெண்டு நம்பர் இருக்கும். போர் முடிஞ்சு ரடிங்டன் மாதிரி டிப்போல ஏலம் விட்டத வாங்கினவங்க சிவிலியன் நம்பர் எடுத்தாங்க, அந்த ரிஜிஸ்டர் உள்ளூர் கவுன்சில்கிட்ட இருந்துச்சு, 1974லதான் அந்த வேலை ஸ்வான்ஸில இருக்கற தேசிய ஆபீஸுக்கு ஒண்ணா போச்சு, மிஞ்சின பழைய ரிஜிஸ்டர் பல எடத்துல உள்ளூர்லயே இருக்கு. அதனால பிளேட்ல கேவி, ஹெச்பினு இருந்தா அது கோவென்ட்ரி நம்பர், அந்த ஊர் ஆவணக் காப்பகத்துல கேக்கணும். இங்கேர்ந்து கேட்டா மெயில்லதான், பதில் வர லேட் ஆகும்.

அடையாளம் பாக்க அஞ்சுக்கு நாலரை, ஒரே ஒரு வண்டியோட ஜாதகம் எழுத அஞ்சுக்கு ரெண்டு. படத்த சொந்த யூஸுக்கு எடுக்கறப்ப லைசன்ஸ் படிச்சுக்கோங்க, வியாபாரத்துக்கு யூஸ் பண்ணக் கூடாதுனு கண்டிஷன் இருக்கு, டீஷர்ட்டுல அடிச்சு விக்கலாம்னு ஐடியா இருந்தா வேணாம். பெரிய ஸ்கிரீன்ல பாருங்க, ஃபோன்ல பாத்தா நம்பர்ல இருக்கறது எம் எழுத்தா இசட் எழுத்தானே தெரியாது.